எண்பத்தெட்டு போட்டவள்

"கவுனைத் தூக்கு கண்ணு, பார்க்கலாம்" என்று குழந்தை பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா சொன்னதும் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா தலையாட்டினாள். குழந்தை கவுனைத் தூக்கிக் காட்டியது. இடது தொடையில் தொடங்கி முழங்கால் வரைக்கும் வெந்நீர் பட்டு ஆறிய தழும்பு. கூட வந்திருந்த ஆள் அதைக் கைபேசியில் படம் எடுத்தார். ஒன்று போதாதென்று மூன்று எடுத்தார்.

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரெக்கார்டு அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. வெளியே மூன்று நாளாக விடாத மழை. இன்றைக்காவது சூடாக ஏதாவது சமைக்கலாம் என்று வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவளை இந்த இரண்டு பேரும் எழுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. அங்கே வைத்த பேர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணம் என்று ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் அது முடிந்துபோன பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் குடித்தனம். வீடு என்று பார்த்தால் அக்கா, தம்பி பெண்டாட்டி, குழந்தை, இந்த மூன்று பேர்தான்.

அதிகாரியம்மா மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"வெந்நீர் எப்படிம்மா கொட்டுச்சு?"

"குளிக்க வைக்கத் தண்ணி காய வச்சேன். எடுத்துட்டுத் திரும்பறேன், பின்னாடி ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டா" என்றாள் தம்பி பெண்டாட்டி. தையல் கம்பெனியில் நாளுக்கு நானூறு காலர் தைக்கிறவள். குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். அன்றைக்கு மெதுவாகத்தான் வந்தது.

"அப்போ வீட்டுல வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"பார்த்தவங்க யாரும் இல்ல. சரி. உங்களுக்குக் கோபம் அதிகமா வருமா?"

அக்கா கரண்டியோடு நடுவில் வந்துவிட்டாள். "என்ன கேட்கிறீங்க நீங்க? ஒண்ணேகால் வருஷம் முன்னாடி நடந்தது. ராத்திரி பகல்னு பார்க்காம வார்டுல கிடந்தவ இவ. இவகிட்ட வந்து கோபம் வருமான்னா என்ன அர்த்தம்?"

"நாங்களா கேட்கலைங்க. உங்க ஆஸ்பத்திரிதான் சொல்லுது" என்று அதிகாரியம்மா ஒரு தாளை நீட்டினார்.

குழந்தை பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஆஸ்பத்திரிக் கணினி தானாக அனுப்பிய தாள் அது. புதிய முறைப்படி எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. அதற்கு எதிரில், 'காயம் மற்றவரால் ஏற்படுத்தப்பட்டதாகச் சந்தேகம்'. அடைப்புக்குறிக்குள் பழைய எண், எண்பத்தெட்டு. கடைசி வரியில், 'பதிவு செய்தவர்: 17'.

பதினேழு என்பது அக்காவின் பணியாளர் எண். தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் தாளைத் திருப்பிக் கொடுப்பதற்குள் தம்பி பெண்டாட்டியும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"எங்களுக்கு ஆசையா இந்த மழையில வீடு வீடா ஏறணும்னு? இந்த எண்ணைப் போட்டவங்க எதை வச்சுப் போட்டாங்கன்னு எழுதி, இல்ல பார்த்த டாக்டர் விபத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும், ஃபைலை மூடிடுவோம். அதுவரைக்கும் வாரா வாரம் குழந்தையை அலுவலகத்துக்குக் கூட்டிட்டு வந்து காட்டணும். வரலைன்னா காப்பகத்துல வைக்கிறதைத் தவிர வேற வழி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரியம்மா குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த எண்பத்தெட்டின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பதிவேட்டுப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக் கூடத்துக்கு அடுத்த அறை. துணி வேகிற ஆவி சுவரைத் தாண்டி வந்து, எந்தக் காலத்திலும் காகிதம் நமுத்தே கிடக்கும். படுத்து எழுந்து போகிற ஒவ்வொரு நோயாளியின் ஃபைலும் அங்கே வந்து சேரும். டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்து, அது என்ன நோய் என்று பார்த்து, புத்தகத்தில் அதற்குரிய எண்ணைத் தேடிக் கணினியில் ஏற்ற வேண்டும். காயமாக இருந்தால் இன்னொரு எண்ணும் வேண்டும். விழுந்ததா, வண்டி மோதியதா, சுட்டதா என்று. டாக்டர்கள் 'தீக்காயம், இடது தொடை' என்று எழுதுவதோடு சரி. எப்படி என்று எழுதினால் பேனா தேய்ந்துவிடும். எழுதியிராவிட்டால் வார்டுக்கு நேரில் போய்க் கேட்டு வரவேண்டும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஆறு பேர் பார்த்த வேலையை மூன்று பேர் தலையில் கட்டிய பிறகு யார் போய்க் கேட்பது? ஒரு ஆளுக்கு நாளைக்கு எழுபது ஃபைல்.

எண்பத்தெட்டைப் போட்டால் கணினி மறு கேள்வி கேட்காது. 'விபத்தா, ஒருவர் வேண்டுமென்றே செய்ததா என்று தீர்மானிக்க இயலவில்லை' என்பது அதற்குப் புத்தகம் சொல்லும் விளக்கம். டாக்டரும் போலீசும் விசாரித்தும் விடை கிடைக்காத காயத்துக்காக ஒதுக்கிய எண். பதிவேட்டுப் பிரிவைப் பொறுத்தவரை அதற்கு ஒரே பொருள், அடுத்த ஃபைலை எடு என்பதுதான். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான்.

போன மாதம் பழைய புத்தகத்துக்கு மூடுவிழா நடத்தினார்கள். புதிய முறையில் குறியீடுகள் ஐந்து மடங்கு. இடதா வலதா, முதல் தடவையா மறு தடவையா, வீட்டிலா வெளியிலா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பயிற்சி நாளில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கணினிக் கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர், "வாத்து கொத்தினாக்கூட ஒரு குறியீடு இருக்கு பாருங்க. அதுவும் முதல் கொத்தா ரெண்டாவது கொத்தான்னு கேட்குது" என்று சொல்ல, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்காவும்தான். பழைய ஃபைல்களை என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, பழைய எண்ணுக்கு நேரே புதிய குறியீடு போட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, கணினியே மாற்றிக்கொள்ளும் என்றார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு லட்சம் ஃபைல் மாறியது. எண்பத்தெட்டுக்கு நேரே அந்தப் பட்டியலில் இருந்தது, 'மற்றவரால் ஏற்படுத்தப்பட்டதாகச் சந்தேகம்'. ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் புதிய முறை யாரையும் கேட்காது. தாளை நேராகக் குழந்தை பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தட்டிவிடும்.

அதிகாரிகள் போய்விட்டார்கள். நறுக்கின வெங்காயம் நறுக்கினபடி கிடந்தது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பதினேழு உங்க நம்பர்தானே?"

"ஆமா."

"அப்போ நான் மேல வார்டுல இருந்தேன். ஒன்பது நாள். தினம் காலையில நீங்கதான் டீ வாங்கிட்டு வந்து கொடுத்தீங்க. என் தலையைக்கூட வாரி விட்டீங்க. எப்படிக் கொட்டுச்சுன்னு அழுது அழுது உங்ககிட்ட எத்தன தடவை சொல்லியிருப்பேன்? எல்லாத்தையும் கேட்டுட்டுக் கீழ போய் இப்படி எழுதினீங்களா?"

"அது அந்த அர்த்தத்துல எழுதலைம்மா."

"வேற எந்த அர்த்தத்துல? என்மேல சந்தேகம் இருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே."

"ஐயோ, சந்தேகமெல்லாம் இல்ல. உன்னை எனக்குத் தெரியாதா? குழந்தை ஃபைல்னு பார்த்தேன், பேரையும் பார்த்தேன். அன்னைக்கு எழுபது ஃபைல். கை அதுபாட்டுக்குப் போட்டுடுச்சு. பழக்கம்."

"பழக்கமா? என்னை நம்பலைன்னு சொல்லியிருந்தாக்கூட தாங்கிக்குவேன் அண்ணி. சண்டை போடலாம். நாலு நாள் பேசாம இருக்கலாம். பழக்கம்னு சொல்றீங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. கம்பெனிக்காரன்மேல், பட்டியல் போட்ட எவனோ ஒருவன்மேல், மூன்று படம் எடுத்த ஆள்மேல் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கடைசியில் தன் வலது கையில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்கு மட்டும் முட்டை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தார்கள்.

மறுநாள் மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடத்தில் விசாரணைக் கவுண்டருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். எல்லார் கையிலும் அதே தாள். நடுவில் ஒருத்தி கவுண்டர் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். சேலை முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது.

"கட்டில்லருந்து விழுந்தான்னு அன்னைக்கே கத்தினேனே, ஒருத்தன் காதுலயும் விழலையா? மூணு வயசுப் பிள்ளைய ஒன்பது நாளா எங்கயோ காப்பகத்துல வச்சிருக்கீங்க. மணிக்கட்டு ஒடிஞ்ச பையன். நான் இல்லாம சோறு திங்க மாட்டான். விசாரிக்க வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை சத்தமாப் பேசிட்டேனாம், அதுக்காக நான் அடிக்கிறவளா? மீன்கடையில மெதுவாப் பேசினா யாருக்கு கேட்கும்?"

"ஃபாரம் எழுதிக் கொடுங்கம்மா. பார்த்த டாக்டர் கையெழுத்து வேணும்" என்றார் கவுண்டர்க்காரர்.

"அந்த டாக்டர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாராமே. யார்கிட்ட வாங்குறது கையெழுத்து?"

ஓரமாக நழுவிப் போன அக்காவின் கழுத்து அட்டையை மீன்காரி பார்த்துவிட்டாள். முழங்கையைப் பிடித்தாள். அக்கா அட்டையைத் திருப்பிவிட்டுக்கொண்டாள்.

"நீ இங்க வேலை செய்யிறவதானே? இதை யாரு எழுதினதுன்னு சொல்லு. பதினேழாம் நம்பர்னு படிச்சுக் காட்டினாங்க, அது யாரு?"

"தெரியலைம்மா" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பத்தொன்பது வருஷத்தில் இறங்காத இறக்கம் அது. முகத்தில் அடித்த சலவைக்கூட ஆவி அவளுக்கு வசதியாகப் போயிற்று. கண் கலங்கியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

சூப்பிரண்டு அறையில் விசிறி ஓடியது. அவர் ஆற அமர எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான், தனக்குத் தொல்லை வராத வரைக்கும்.

"எத்தன குழந்தைங்க ஃபைல்?" என்று கேட்டார்.

"இருநூத்திப் பதினாலு. அதுல நூத்தி முப்பத்தொண்ணு நான் போட்டது. ஒண்ணுல கூட யாரையும் கேட்டு எழுதலை சார். எல்லாத்தையும் ஒரே உத்தரவுல திருத்திடலாம். நான் எழுதிக் கொடுக்கிறேன்."

"என்னன்னு எழுதுவீங்க? பத்து வருஷமா கேட்காமலே எழுதினோம்னா? அப்புறம் இந்த ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு ஃபைலையாவது யாராவது நம்புவாங்களா? புது முறைக்கு மாறினதுல நாமதான் முதலிடம்னு போன வாரம்தான் மேடையில சொன்னாங்க. கொஞ்சம் பொறுங்க. எல்லாம் தானா அடங்கும்."

"அங்க ஒருத்தி பிள்ளைய விட்டுட்டு நிக்கிறா சார்."

"ஒவ்வொருத்தரா ஃபாரம் கொடுக்கட்டும். விதிமுறை இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக் குழந்தைய பார்த்த டாக்டர் இங்கதான் இருக்கார். நான் பேசி இன்னைக்கே கையெழுத்து வாங்கித் தர்றேன். நீங்க எதுவும் எழுத வேணாம். பதினேழு யாருன்னு வெளிய யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மாலை நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கூடத்தைச் சுற்றாமல் சலவைக்கூட வழியாகவே வெளியே போனாள்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி தாளை இரண்டு தடவை படித்தாள். முகத்தில் உயிர் வந்தது. பிறகு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நமக்கு முடிஞ்சுதா அண்ணி?"

"முடிஞ்சுது."

"கம்பெனியில பட்டன் வைக்கிறவளுக்கும் இந்தத் தாள் வந்திருக்கு. இன்னைக்கு நாலு தடவை ஊசியில விரலைக் குத்திக்கிட்டா. புருஷன் வேற, நீ என்னடி பண்ணினே பிள்ளையன்னு கேட்கிறானாம். கட்டினவனே கேட்கிறான். அவளுக்கு யார் கையெழுத்து வாங்கித் தருவா?"

"நான் ஒருத்தி என்ன பண்ண முடியும்? சூப்பிரண்டு எழுதக் கூடாதுங்கிறார். வேலை போயிட்டா?"

"போகும்தான். நான் போகாதுன்னு சொல்லலையே." தம்பி பெண்டாட்டி எழுந்து அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. கம்பெனிக் குரல், உரக்க. "நேத்து அந்தம்மா என்கிட்ட கோபம் வருமான்னு கேட்டாங்க. வரும் அண்ணி. எனக்கு இப்போ உங்கமேல வர்ற கோபம் அந்தக் கையெழுத்துக்கெல்லாம் அடங்காது. இருங்க, சாப்பிட்டுட்டுப் படுங்க."

சனிக்கிழமை காலை அக்கா பதிவேட்டுப் பிரிவுக்குள் நுழைந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ் பாக்கி. என்னை இதுல இழுக்காதீங்க."

"நான் யாரையும் இழுக்கலை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

கவுண்டருக்கு உள்ளே போகவில்லை. ஜனங்கள் உட்கார்கிற பெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஃபைல் அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்தாள். எழுந்து நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமினாள்.

"தாளோட கடைசி வரியில பதினேழுன்னு போட்டிருந்தா என்கிட்ட வாங்க. நான்தான் அந்தப் பதினேழு. நீங்க யாரும் எதுவும் பண்ணலை. நான்தான் கேட்காம எழுதினேன். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். குழந்தை பாதுகாப்பு அலுவலகத்துல கொடுத்தா ஃபைலை மூடிடுவாங்க."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். திட்டினார்கள். ஒரு கிழவர் கையை ஓங்கிக்கொண்டு வந்து, அருகில் வந்ததும் ஓங்கிய கையிலேயே தாளை நீட்டினார். பேத்தியின் ஃபைல். அக்கா எழுத ஆரம்பித்தாள். கவுண்டர்க்காரர் போனை எடுத்ததை அவள் பார்த்தாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒருத்தி தாளைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பன்னெண்டுன்னு போட்டிருக்கே" என்றாள்.

"அவர் கீழ இருக்கார். தடிமனா கண்ணாடி போட்டிருப்பார். போய்ப் பிடிங்க. ஓடவெல்லாம் அவரால முடியாது."

எட்டாவது தாள் எழுதும்போது சூப்பிரண்டு மூச்சிரைக்க வந்தார். "என்ன பண்ணிட்டிருக்கீங்க? யார் அனுமதி கொடுத்தா? திங்கட்கிழமை விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஞாபகம் வச்சுக்குங்க."

"வரட்டும் சார். அதுக்காவது யாராவது என்னைக் கேட்டுட்டு எழுதுங்க" என்றாள். பேனா நிற்கவில்லை. சுற்றி நின்ற கூட்டம் அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் அங்கே நிற்பது நல்லதில்லை என்று முடிவு செய்து உள்ளே போய்விட்டார்.

பதினொன்றாவதாக வந்தவள் மீன்காரி. எதிரே வந்து நின்றாள். அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"நேத்து தெரியலைன்னு சொன்னவதானே நீ?"

"ஆமா."

"தெரிஞ்சுகிட்டே சொன்ன."

"ஆமாம்மா."

மீன்காரி பெஞ்சில் அவளுக்கு அருகில், தோள் இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் வாடையும் நனைந்த துணி வாடையும் அடித்தது. தாளை நீட்டினாள். "எழுது. எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதிட்டு வாசி."

அக்கா எழுதினாள். வாசித்தாள். "இந்தக் குழந்தையின் மணிக்கட்டு எப்படி முறிந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே எண்பத்தெட்டு என்று பதிவு செய்தேன். பெற்றோர்மேல் சந்தேகம் இருப்பதாக டாக்டரோ நர்ஸோ சொல்லவில்லை."

"ஏன் கேட்கலை?"

"வேலை அதிகம்மா. ஒரு நாளைக்கு எழுபது ஃபைல்..."

"நான் ஒரு நாளைக்கு இருநூறு மீன் வெட்டுறேன். குடலை எடுக்காம எவளுக்கும் கொடுத்ததில்ல. ஏன் கேட்கலைன்னு கேட்டேன்."

அக்கா பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கினார்கள்.

"கேட்கணும்னா மாடி ஏறிப் போகணும்" என்றாள்.

"அதை எழுது."

அக்கா எழுதினாள்.

"எத்தன மாடி?"

"ரெண்டு."

மீன்காரி அழவில்லை. ஒரு தடவை படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டுன்னு எழுது" என்றாள்.

அக்கா இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.